நாழிகை வழி

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள ஆகாய தூரம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். விமானம் அதைக் கடப்பதற்குச் சுமார் நாலு மணி பத்து நிமிஷம் ஆகிறது. இவ்வளவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கைப்பேசியைத் தட்டி நொடியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். நாம் இந்த வாரம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கொல்லிமலையில் பெரக்கரை நாட்டில் குடியிருக்கும் ஒருவருக்குச் சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

பெரக்கரை நாடு என்றதும் ஏதோ பழைய ராஜ்யம் போலிருக்கிறது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையின் மேல் பதினான்கு 'நாடு'கள் இருக்கின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, அரியூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று. சர்க்கார் கணக்கில் இவை ஊராட்சிகள். மலையாளிகள் என்று வழங்கப்படும் மலைவாழ் மக்கள் இங்கே தொன்றுதொட்டுச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வந்தார்கள். மிளகு, காப்பி, அன்னாசி, மரவள்ளி முதலியவை பிற்பாடு பெருகிய பயிர்கள். (கேரள தேசத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. மலையை ஆள்கிறவர்கள் ஆகையால் இவர்களுக்கு இந்தப் பெயர்.)

கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரிலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரையில் உயர்ந்திருக்கிறது இந்த மலை. மலைமேல் முக்கியமான ஊர் செம்மேடு. அங்கிருந்து நாமக்கல் பட்டணத்துக்கு ஆகாய மார்க்கமாக ஒரு கோடு இழுத்தால் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். சாலை வழியாகவோ ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு அது உற்சாகம் தரலாம். வாந்தி வருகிறவர்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொள்ள உதவுகிறது.

இந்த மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்தது என்று புறநானூறு சொல்கிறது. ஓரியின் அம்பு நேராகப் போயிற்று. நம்முடைய பஸ் எழுபது முறை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பாதை போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருபது அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறலாம் என்பது மலைப்பாதை போடுகிறவர்கள் கொள்ளும் பொதுவான கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறுவதற்கு அந்தக் கணக்குப்படி இருபதாயிரம் மீட்டர், அதாவது இருபது கிலோமீட்டர், பாதை வேண்டும். அவ்வளவு நீளமான பாதையை ஒரு மலைச்சரிவிலே அடக்குவதற்கு, நாடாவை மடித்து மடித்து வைப்பது போல் வைப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. திருச்சியிலிருந்து கிளம்பும் விமானம் அந்த ஆயிரம் மீட்டர் உயரத்தை இரண்டு நிமிஷத்தில் ஏறிவிடுகிறது என்பது வேறு சங்கதி.

மலையின் கிழக்குப் பக்கத்தை நினைத்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிப் போனால் ஆகாய கங்கை என்ற அருவி விழுகிறது. அந்தத் தண்ணீர் ஐயாறாக ஓடி, புளியஞ்சோலையில் சமவெளியை அடைந்து, திருச்சி ஜில்லாவுக்குள் போகிறது. ஆக, கொல்லிமலைத் தண்ணீர் திருச்சிச் சீமைக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது. மனிதன் அந்த வழியில் நடந்துதான் இறங்கலாம். மூட்டையும் முடிச்சுமாகப் பிரயாணம் செய்கிறவன் மேற்கே காரவள்ளிக்கு இறங்கி, நாமக்கல்லைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் கிழக்கே திரும்பித் திருச்சிக்கு வரவேண்டும். செம்மேட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் ஆகாய மார்க்கத்தில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் அது நூற்று நாற்பதுக்கு மேலே போய்விடுகிறது. மோட்டாரில் வந்தால் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பஸ் மாறி பஸ் ஏறி வருகிறவர் அதற்கு மேல் இன்னும் ஒரு மணியாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய பெரியவர்களிடம் இதற்குப் பொருத்தமான ஓர் அளவை இருந்தது. 'நாழிகை வழி' என்பார்கள். ஒரு நாழிகையில், அதாவது இருபத்துநாலு நிமிஷத்தில், ஒரு மனிதன் நடந்து போகும் தூரம் அது; ஏறக்குறைய ஒன்றரை மைல். ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டவனுக்கு நேரத்தையே விடையாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு மைல் கல் வந்தது, அதற்குப் பிறகு கிலோமீட்டர் கல் வந்தது, நாழிகை வழி அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை நாம் சற்று நேரத்துக்கு வெளியே அழைத்து வருவோம். செம்மேட்டிலிருந்து திருச்சி விமான நிலையம், மோட்டாரில் போகிறவருக்குப் பத்து நாழிகை வழி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் பத்தரை நாழிகை வழி!

இடையிலே விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக வந்து காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது ஏழரை நாழிகை. அதற்கு வழியும் கிடையாது, தூரமும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

ஆகாயத்தில் தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு நேரானது என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரிய ஜெட் விமானம் உயரே போன பிறகு மணிக்கு எண்ணூற்று முப்பது, எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்தக் கணக்குப்படி சிங்கப்பூருக்கு மூன்றரை மணிதான் ஆகவேண்டும். மிச்சம் நாற்பது நிமிஷம் எங்கே போயிற்று? கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரம், விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரையில் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, கடைசி அரைமணி வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். தூரம் எதுவானாலும் இந்தச் செலவு மாறுவதில்லை. ஆகையால் குறுகிய பிரயாணத்தில்தான் இது அதிகமாகக் கடிக்கும். சேலத்திலிருந்து சென்னைக்கு ஆகாய தூரம் சுமார் 265 கிலோமீட்டர். சிறிய விமானம்கூட அரைமணியில் தாண்டிவிடக்கூடிய தூரம். அட்டவணையிலோ ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இன்னொரு விசித்திரம் உண்டு. தட்டையான பூகோள படத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தால் அதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். வீட்டில் உருண்டை வடிவப் பூகோளம் இருந்தால் ஒரு நூலை எடுத்து, பெங்களூரில் ஒரு நுனியும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நுனியுமாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பஸிபிக் சமுத்திரத்தின் மேலும் போகாது, அட்லாண்டிக்கின் மேலும் போகாது. வட துருவத்தின் அருகே போகும். 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு அந்த நூல் போன வழியே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் பறந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில் பெங்களூர் வந்து இறங்கியது. விமானத்தை ஓட்டி வந்தவர்கள் நால்வரும் பெண்கள். துருவப் பனிக்கு மேலே நம் நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டிய செய்தியைப் படித்து, அப்பொழுது நாம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்?

இவ்வளவு குறுக்கு வழி தெரிந்திருந்தும், அதே ஏர் இந்தியா 2016-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வேண்டுமென்றே சுற்றுவழியில் போயிற்று. அட்லாண்டிக் வழியே 13,900 கிலோமீட்டர். பஸிபிக் வழியே 15,300 கிலோமீட்டர். கூடுதலாக 1,400 கிலோமீட்டர் பறந்தும், பதினான்கரை மணியில், முந்தைய வழியைவிட விரைவாகவே, போய்ச் சேர்ந்தது! வட அட்சரேகைகளில் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். எதிர்க்காற்றில் குறுக்கு வழியில் போவதைவிடப் பின்காற்றில் சுற்றுவழி மேல் என்பது பாய்மரக் கப்பல் ஓட்டிய நம்முடைய நாகப்பட்டினத்து மாலுமிக்கும் தெரிந்த சாஸ்திரம்.

தமிழ்நாட்டுக்கு மேலே காற்றின் போக்கு சற்று மாறுபட்டது. ஆனி, ஆடி மாதங்களில் தரையிலே மேல்காற்று மரத்தை ஒடிக்கும்போது, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கீழ்க்காற்று மகா வேகத்தில் வீசுகிறது. வெப்ப மண்டலத்தின் இந்தக் கீழைப் பெருங்காற்றை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை இலாகாவைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம், அவருடைய கட்டுரை 1958-ல் வெளியாயிற்று. தென்மேற்குப் பருவக் காலத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் விமானத்துக்கு இது எதிர்க்காற்று. திரும்பி வருவதற்குத் துணைக்காற்று. ஒரே வழி, ஒரே விமானம், போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்றால் பிரயாணிகள் ஆச்சரியப்பட வேண்டாம்.

தூரமே இல்லாமல் நேரம் மட்டும் போனதும் உண்டு. 2024-ம் வருஷம் அக்டோபர் 11-ம் தேதி மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் கோளாறு ஏற்பட்டது. எண்ணெய் நிரம்பிய கனத்தோடு இறங்குவது அபாயம் என்று, எண்ணெயைக் கரைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே பத்திரமாக இறங்கியது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பிரயாணிகள். ஆறு நாழிகை வழி. போன தூரம் பூஜ்யம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார்களோ!

நம் தேசத்துத் தபால் விமானம் தொடங்கிய கதையிலும் இந்தத் தரைவழித் தாமதம் எட்டிப் பார்க்கிறது. 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து சின்னஞ்சிறு விமானத்தில் தபால் பைகளை எடுத்துக்கொண்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வந்தார். நெவில் வின்சென்ட் அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தார். ஆமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் மாட்டு வண்டி வரும் வரையில் காத்துக்கொண்டிருக்கத்தானே வேண்டும்? 1938-ல் அந்தத் தபால் மார்க்கம் திருச்சிக்கும் கொழும்புக்கும் நீண்டது.

அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களுக்குச் சிங்கப்பூர் என்றால் கப்பல்தான். 'ரஜூலா' என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலேயாக் கரைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. பிரயாணம் ஏறக்குறைய ஒரு வாரம். பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் மாண்டார்கள். அத்துடன் அந்தக் கப்பலின் பிரயாணிச் சேவை முடிந்தது. ஒரு வாரக் கடலை விமானம் நாலு மணியாகச் சுருக்கியது. நாமக்கல்லுக்கும் செம்மேட்டுக்கும் இடையே உள்ள இரண்டரை மணி பஸ் பிரயாணம் மட்டும் சுருங்காமல் அப்படியே நிற்கிறது.

சேலத்து விமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறிய ஊர்களுக்கு விமானம் விடுவதற்காக 2016-ல் மத்திய சர்க்கார் 'உடான்' திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று பாதி இடங்களுக்குக் கட்டண வரம்பு வைத்தார்கள். கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தைச் சர்க்கார் ஈடு செய்தது. அதன்படி 2018 மார்ச் 25-ம் தேதி சேலத்துக்கும் சென்னைக்கும் விமானம் பறக்கத் தொடங்கியது. 2021-ல் நின்று போயிற்று. 2023 அக்டோபரில் வேறு கம்பெனிகள் மறுபடி ஆரம்பித்தன. நாம் இதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அல்ல. சேலம் நகரத்து வியாபாரிக்கு இது பெரிய உபகாரம். ஆனால் கொல்லிமலைக்காரருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தோம். சேலம் விமான நிலையம் நகரத்திலிருந்து அப்பால், ஓமலூருக்கு அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து அங்கே வந்து சேர மூன்று மணிக்கு மேல்; காத்திருக்க ஒன்றரை மணி; பறக்க ஒன்றேகால் மணி; சென்னையில் வெளியே வர அரைமணி. ஆறு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. நாமக்கல்லுக்கு இறங்கி பஸ்ஸிலேயே சென்னைக்குப் போனால் ஒன்பது மணி. மூன்று மணி மிச்சம்தான். இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் விளம்பரத்தில் ஒன்றேகால் மணி என்று பார்த்தவருக்கு ஆறு மணி ஆவது எதனால் என்றால், விளம்பரம் மலைக்கு வந்து பார்த்ததில்லை.

இன்னொரு யோசனையும் சிலர் சொல்கிறார்கள். சிங்கப்பூருக்குப் போகச் சென்னைக்கே போய்விடலாமே, அங்கே விமானங்கள் அதிகம் என்பது அவர்கள் வாதம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,925 கிலோமீட்டர். திருச்சியைவிட ஐம்பத்தைந்து கிலோமீட்டர் குறைவு. ஆகாயத்தில் அது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்துக்காக நாமக்கல்லிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தரையில் உருளவேண்டும்!

இவையெல்லாம் பிரயாணிகளின் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு. சௌகரியத்தோடு முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. மலையிலிருந்து ஒரு பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு அவனுடைய தாயாருக்கு மார்வலி வந்துவிட்டது. செய்தி கடலைத் தாண்டி அவனிடம் போக ஒரு விநாடி ஆகிறது. தாயாரை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? 2022-ல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது ஜில்லாவுக்குப் பெரும் பாக்கியம். அதற்கு முன்பு பெரிய வைத்தியம் என்றால் சேலத்துக்கோ திருச்சிக்கோ ஓடவேண்டியிருந்தது. ஆயினும் அவசர வண்டி எழுபது வளைவையும் இறங்கித்தானே ஆகவேண்டும்? பிள்ளை வங்காளக் குடாவில் பாதி கடந்து வரும் நேரம் தாயாருக்கு மலையிறங்குவதிலே போய்விடுகிறது. மார்வலிக்கு வைத்தியர்கள் சொல்லும் அவகாசம் முதல் ஒரு மணி, இரண்டு மணி.

சரிவின் கணக்கை மேலே சொன்னோம். பாதையை அகலப்படுத்தலாம், வளைவுகளில் சுவர் எழுப்பலாம். இருபது கிலோமீட்டரைப் பத்தாக்க முடியாது. ஆகையினால் மலை ஜனங்களைக் கீழே கொண்டுவரும் நேரத்தைக் குறைப்பதைவிட, அவர்கள் எதற்காகக் கீழே இறங்குகிறார்களோ அதை மேலே கொண்டுபோவதே சாத்தியமான காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. இருதயத்துக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் முதல் இரண்டு மணி நேர வைத்தியம் செய்யத் தகுந்த டாக்டர்கள் இரவிலும் பகலிலும் மலைமேலேயே இருக்கவேண்டும். பெரக்கரை நாடு போன்ற உள்நாடுகளிலிருந்து செம்மேட்டுக்கு எந்த நேரத்திலும் வண்டி கிடைக்கவேண்டும். ஆகாயத்திலே ஒரு மணியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு விமான ஆசனத்துக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. மலையில் ஒரு மணியை மிச்சம் பிடிப்பதற்கும் அதே சர்க்கார், அதே கணக்கில், அதே தாராளத்தோடு கொடுக்கட்டும். எந்த மணி அதிக விலையுள்ளது என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

கடைசியாக, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்குக் கடிகாரம் செய்யும் மாயத்தைச் சொல்லிவிடுகிறோம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டவர் திருச்சியில் இரவு பத்து நாற்பதுக்கு இறங்குகிறார். கைக்கடிகாரத்தை நம்பினால், மூவாயிரம் கிலோமீட்டர் வந்ததற்கு ஒரு மணி நாற்பது நிமிஷம்தான் ஆகியிருக்கிறது! பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மோட்டாரில் ஏறினால், காரவள்ளி வரும்போது நடுநிசி கடந்து இரண்டு மணி இருக்கும். முதல் வளைவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.